குரங்கு முகச் சோழனும் ஓவியர் சிங்காதனமும்

(வல்லத்திராக்கோட்டை அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

திருவாரூர் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் ஓர் அரசன் இருக்கிறான். தலையில் கிரீடம், காதில் குழை, மார்பில் ஆரம், இடையில் பூவேலை செய்த பட்டு. முகம் மட்டும் குரங்கு முகம். பெயர் முசுகுந்தன். சோழர் குலத்தில் பிறந்து உலகாண்ட சக்கரவர்த்தி என்று புராணம் சொல்லும். அவன் வானுலகம் சென்றதும், இந்திரனுக்காக அசுரரோடு போரிட்டதும், அக்கோயில் இறைவனான தியாகேசரை மண்ணுலகுக்குக் கொண்டுவந்ததும் அங்கே கட்டம் கட்டமாக எழுதப்பட்டிருக்கின்றன. எழுதியவர் சிங்காதனம் என்னும் ஓவியர். தமிழ்நாட்டுக் கோயில்களில் சுவரோவியம் எழுதியவர்களில் பெயர் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலருள்ளும் தம் பெயரைத் தாம் எழுதிய ஓவியத்திலேயே விட்டுச் சென்றவர் இவர். தியாகேசரைக் கைகூப்பி வணங்கும் கோலத்தில் தம் உருவத்தையும் எழுதிவைத்தார். அப்படியும் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூலைப் படித்து வளர்ந்த ஒருவர் அவர் பெயரைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

ஓவியங்களின் காலம் 17ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். தஞ்சை நாயக்கர் ஆட்சி 1673இல் முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏகோஜி தஞ்சையைக் கைப்பற்றி மராத்தியர் ஆட்சியைத் தொடங்கினார். அவர் மகன் சகஜி 1684 முதல் 1712 வரை ஆண்டார். திருவாரூர்த் தியாகேசர்மீது அளவற்ற பற்றுடைய அரசர் அவர். தியாகேசரைத் தலைவராக வைத்துத் தெலுங்கில் பல்லக்கு சேவைப் பிரபந்தம் இயற்றினார். திருவிசநல்லூரை 1693இல் புலவர்களுக்குக் கொடையாக வழங்கினார். அரசு கைமாறினாலும் கோயிலில் வேலை செய்த கைகள் மாறவில்லை. சிங்காதனத்தின் கோடும் வண்ணமும் நாயக்கர் காலப் பள்ளியைச் சேர்ந்தவை. அவர் வாழ்ந்த உலகமோ மராத்தியர் உலகம். வல்லத்திராக்கோட்டை அடங்கிய புதுக்கோட்டைச் சீமையில் அப்போது ரகுநாதராயத் தொண்டைமான் ஆண்டுகொண்டிருந்தார். அவர் ஆட்சி 1686 முதல் 1730 வரை நீடித்தது. தொண்டைமான் சீமையின் முதல் தலைமுறையும் சிங்காதனமும் சமகாலத்தவர் என்று கொள்ளலாம்.

தேவாசிரிய மண்டபத்துக்குத் தமிழ்ச் சைவத்தில் தனி இடம் உண்டு. அங்கே கூடியிருந்த அடியார்களைக் கண்டு வணங்கிய பிறகே சுந்தரர் திருத்தொண்டத் தொகை பாடினார் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. அறுபத்து மூவர் வரலாற்றுக்கு ஊற்றுக்கண்ணாகப் போற்றப்படும் மண்டபம் அது. ஓவியர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய பணி சோழநாட்டில் கிடைத்திருக்க முடியாது.

எழுதப்பட்ட கதையை அறிந்துகொண்டால்தான் ஓவியத்தின் அருமை புரியும். பிள்ளை வரம் வேண்டித் தவமிருந்த திருமால், உமையோடும் கந்தனோடும் கூடிய சிவனின் திருவுருவத்தைத் தம் மார்பில் வைத்து வழிபட்டார். அவர் மூச்சு ஏறி இறங்க, மார்பில் இருந்த பெருமானும் ஏறி இறங்கி ஆடினார். அந்த ஆட்டமே அசபா நடனம். திருவாரூரில் தியாகேசர் உலா வரும்போது அடியார்கள் அவரைத் தோளில் தாங்கி அசைத்து ஆட்டிக் கொண்டுவருவது இந்த நடனத்தின் நினைவாகத்தான். அத்திருவுருவம் பின்னர் திருமாலிடமிருந்து இந்திரனிடம் சேர்ந்தது.

இதற்கு இணையாக இன்னொரு கதை ஓடுகிறது. சிவராத்திரி இரவு. கயிலையில் வில்வ மரத்தடியில் சிவனும் உமையும் அமர்ந்திருந்தார்கள். மரத்தின் மேலிருந்த குரங்கு ஒன்று தழைகளைப் பறித்துப் பறித்துக் கீழே போட்டது. விளையாட்டாகச் செய்த செயல்தான். ஆனால் அந்த இரவில் அது வில்வார்ச்சனை ஆகிவிட்டது. மகிழ்ந்த சிவன், நீ மண்ணுலகில் பேரரசனாகப் பிறப்பாய் என்று வரம் கொடுத்தார். குரங்கோ பிறவி மாறினாலும் முகம் மாறக்கூடாது என்று கேட்டது. அரச வாழ்வில் தன் பழைய நிலையை மறந்துவிடக்கூடாது என்பது அதன் கவலை. கேட்டபடியே நடந்தது. குரங்கு முகத்தோடு பிறந்தவனே முசுகுந்தன்.

வலாசுரனோடு போர் மூண்டபோது இந்திரன் முசுகுந்தனைத் துணைக்கு அழைத்தான். வெற்றி கிடைத்தது. என்ன வேண்டும் என்று இந்திரன் கேட்க, நீ பூசை செய்யும் தியாகேசரைத் தா என்றான் முசுகுந்தன். கொடுக்க மனமில்லாத இந்திரன் தேவதச்சனைக் கொண்டு அதே போன்ற ஆறு திருவுருவங்களைச் செய்வித்து, ஏழையும் வரிசையாக வைத்து, உனக்கு வேண்டியதை நீயே எடுத்துக்கொள் என்றான். இறையருளால் முசுகுந்தன் மெய்யான உருவத்தையே சுட்டிக் காட்டினான். தோற்ற இந்திரன் ஏழையும் கொடுத்தனுப்பினான். மூலவுருவம் திருவாரூரில் வீதிவிடங்கராக அமர்ந்தது. மற்ற ஆறும் திருநள்ளாறு, நாகப்பட்டினம், திருக்காறாயில், திருக்குவளை, திருவாய்மூர், திருமறைக்காடு ஆகிய ஊர்களுக்குப் போயின. சப்தவிடங்கத் தலங்கள் என்று இன்றும் மக்கள் ஒரே நாளில் வண்டி கட்டிச் சென்று தரிசிக்கும் ஏழு ஊர்கள் இவை.

வடமொழிப் பாகவதத்திலும் ஒரு முசுகுந்தன் வருகிறான். அவன் இட்சுவாகு குலத்தவன். தேவர்களுக்காக நெடுங்காலம் போரிட்டுக் களைத்து, மலைக்குகையில் தூங்கிக்கொண்டிருந்தவன். தன்னை எழுப்பிய காலயவனனைப் பார்வையாலே எரித்தவன். அவனுக்கு மனித முகம். குரங்கு முகம், வில்வத் தழை, ஏழு விடங்கர் எல்லாம் காவிரிக் கரையில் சேர்ந்தவை. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம், கந்தவிரதப் படலத்தில் இந்தக் கதையை விரித்துச் சொல்கிறது. திருவாரூர்த் தலபுராண மரபு அதை ஊரோடும் தெருவோடும் கட்டிப்போட்டது. சிங்காதனம் எழுதியது இந்த ஊர்க் கதையை.

இந்தக் கதையைப் படமாக எழுத முனையும் எவருக்கும் முதலில் எதிர்ப்படும் சிக்கல் அரசனின் முகம். மனித உடலில் குரங்கு முகத்தை வைத்தால் பார்ப்பவர் சிரித்துவிடுவார். அனுமனை எழுதும்போது இந்தத் தொல்லை இல்லை. அவனுக்கு வாலும் வானர உடலும் உண்டு, பார்ப்பவர் மனம் அவனைத் தனி இனமாக ஏற்றுக்கொள்ளும். முசுகுந்தனோ கழுத்துக்குக் கீழே முழு அரசன். அரியணையில் அமர்கிறான், அமைச்சரோடு பேசுகிறான், மங்கையர் சூழ இருக்கிறான், இந்திரன் பக்கத்தில் சம ஆசனம் பெறுகிறான். சிங்காதனம் இந்த முகத்தை மற்ற அரச முகங்களுக்கு உரிய மரியாதையோடு எழுதியிருக்கிறார். நிமிர்ந்த முதுகு, அளவான கை அசைவு, குலையாத அணிகலன் வரிசை. சுற்றியிருப்பவர் எவரும் அந்த முகத்தை வியந்து பார்ப்பதில்லை. தேவர்களும் பெண்களும் ஏவலரும் அவனை அரசனாகவே பார்க்கிறார்கள். இரண்டு மூன்று கட்டங்கள் கடப்பதற்குள் பார்ப்பவருக்கும் அந்த முகம் பழகிவிடுகிறது. தமிழ்நாட்டு ஓவிய மரபில் கற்பனைப் பொருளைக் கையாண்டவர்களுள் இவரை முன்வரிசையில் வைக்க இந்த ஒரு காரணமே போதும்.

ஐரோப்பாவில் இதற்குச் சற்று முந்திய காலத்தில் மிலான் நகரத்து ஓவியர் ஜியுசெப்பே ஆர்சிம்போல்டோ பழங்களையும் காய்கறிகளையும் மலர்களையும் அடுக்கி மனித முகங்களை உருவாக்கினார். பேரரசர் இரண்டாம் ருடால்ஃபையே கனிகளாலான தெய்வமாக 1590–91இல் எழுதினார். பேரரசரும் மகிழ்ந்தார். 1593இல் ஆர்சிம்போல்டோ இறந்ததும் உலகம் அவரை மறந்தது. 20ஆம் நூற்றாண்டில் மீமெய்யியல் ஓவியர்கள் தங்கள் முன்னோடியாக அவரைக் கண்டெடுத்த பிறகே பெயர் மீண்டது. 1936இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய விந்தைக் கலைக் கண்காட்சியில் அவருக்கும் இடம் கிடைத்தது. ஆர்சிம்போல்டோவின் விந்தை அறிவின் விளையாட்டு. பார்ப்பவர் முதலில் முகத்தைக் கண்டு, பிறகு கத்தரிக்காயைக் கண்டு, மகிழ வேண்டும். சிங்காதனத்தின் விந்தை பக்தியிலிருந்து பிறந்தது. குரங்கு முகம் அங்கே புதிர் ஆவதில்லை. அது அரசன் தானே கேட்டு வாங்கிய பேறு. இருவரும் ஏறத்தாழ ஒரே விதமான மறதிக்கு ஆளானார்கள். ஒருவருக்கு மீட்சி வந்துவிட்டது.

ஏழு தியாகேசர்கள் வரிசையாக இருக்கும் காட்சியைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஓவியருக்கு வைக்கப்பட்ட சோதனை இது. ஏழு உருவங்களும் வேறுபாடு தெரியாமல் இருந்தால்தான் இந்திரனின் சூழ்ச்சி பலிக்கும். அவற்றுள் ஒன்று மட்டும் மெய்யானது என்பதும் கதைக்கு உயிர். ஒன்றுக்கு மட்டும் ஒளிவட்டம் தீட்டியோ அதைப் பெரிதாக எழுதியோ எளிதாக முடித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் முசுகுந்தனின் அடையாளம் காணும் ஆற்றலுக்கு அங்கே வேலை இருந்திருக்காது. ஒரே கோலத்தை மீண்டும் மீண்டும் எழுதும்போது அந்த மண்டபத்தில் அண்ணாந்து நிற்பவர் முசுகுந்தன் நின்ற இடத்துக்கே வந்துவிடுகிறார்: எது மெய்? திருவாரூர்க்காரருக்கு இந்தக் கேள்வி இன்னும் ஆழமாகப் படும். கருவறையில் தியாகேசரின் திருமுகம் மட்டுமே தெரியும். திருமேனி முழுவதும் மலராலும் ஆடையாலும் மூடியிருக்கும். பாத தரிசனம் கிடைப்பது ஆண்டில் இரண்டே நாள்கள், மார்கழித் திருவாதிரையிலும் பங்குனி உத்திரத்திலும். மறைத்து வைத்து வணங்கப்படும் தெய்வம் குடிகொண்ட கோயிலின் விதானத்தில், அதே தெய்வம் ஏழு மடங்காகப் பெருகிக் கண்ணெதிரே இருக்கிறது.

கதையின் பெரும்பகுதி பயணம். வானிலிருந்து மண்ணுக்கு இறங்கும் ஊர்வலம், திருவாரூரில் நடக்கும் விழா, வீதி உலா ஆகியவற்றுக்கு ஓவியர் தாராளமாக இடம் ஒதுக்கியிருக்கிறார். குடை, கொடி, ஆலவட்டம், நீண்ட குழற்கருவிகள், வளைந்த கொம்புகள், முழவுகள், தாளங்கள், நடமாடும் பெண்கள் என்று நெருக்கமான வரிசைகள். திருவாரூர் விழாவை நேரில் கண்ட கண்கள்தான் இவற்றை எழுத முடியும். இந்திரலோகத்து ஊர்வலமும் திருவாரூர் மாடவீதி ஊர்வலமும் ஒரே சாயலில் இருக்கின்றன. வானுலகம் எப்படி இருக்கும் என்று தமக்குத் தெரிந்ததைக் கொண்டு ஓவியர் சொன்ன விடை அது: பங்குனி விழா நாளில் திருவாரூர் எப்படி இருக்குமோ அப்படி.

இசை வரலாற்றில் அக்கறை உள்ளவர்களுக்கு இந்தக் கட்டங்கள் பெரும் செல்வம். முசுகுந்தன் தியாகேசரோடு இந்திரலோகத்து வாத்தியங்களையும் கொண்டுவந்தான் என்பது கோயில் மரபு. ஐந்து வாய்கள் கொண்ட பெரிய வெண்கலக் குடமான பஞ்சமுக வாத்தியத்தைத் திருவாரூர் அந்தக் கதையோடு சேர்த்தே இன்றும் போற்றுகிறது. ஐந்து முகங்களும் சத்தியோசாதம், வாமதேவம், அகோரம், தற்புருடம், ஈசானம் என்னும் சிவனின் ஐந்து முகங்கள். கருநாடக இசையின் மும்மூர்த்திகளுள் சியாமா சாஸ்திரிகள் திருவாரூரில் பிறந்தது 1762இல், தியாகராச சுவாமிகள் 1767இல். முத்துசுவாமி தீட்சிதரும் அடுத்த பத்தாண்டுக்குள் அதே ஊரில் பிறந்தார். சங்கீத மும்மூர்த்திகள் பிறப்பதற்கு இரண்டு தலைமுறைக்கு முன்பு அவ்வூர்க் கோயிலில் என்ன வாசித்தார்கள், எப்படிப் பிடித்து வாசித்தார்கள், யார் பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதற்கு இவ்வோவியங்கள் கண்கூடான சான்று. ஆடை நெசவு, நகை வடிவம், பல்லக்கு, படைக்கலன் ஆகியவற்றைப் பற்றியும் இதையே சொல்லலாம். தஞ்சை மராத்தியர் காலத்து வாழ்க்கையை மோடி எழுத்து ஆவணங்களில் தேடுபவர்கள் ஒருமுறை இந்த விதானத்தையும் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

ஓவியங்கள் நீண்ட பட்டிகளாக அமைந்துள்ளன. ஒவ்வொரு பட்டியும் கட்டங்களாகப் பிரிகிறது. கதை ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நகர்கிறது. முசுகுந்தன் கட்டத்துக்குக் கட்டம் மீண்டும் வருகிறான். அவனைத் தொடர்ந்து நடப்பதே கதையைப் படிப்பது. பட்டியின் ஓரத்தில் தமிழ் வாசகங்கள். புராணச் செய்யுளின் நடை அவற்றில் இல்லை. பேச்சுக்கு நெருங்கிய எளிய உரைநடை. அக்கால ஓவிய வாசகங்கள் பொதுவாக ‘வருகிறது’, ‘யுத்தம் பண்ணுகிறது’ என்பது போல நிகழ்ச்சியை நிகழ்ச்சியாகவே சொல்லி முடியும். கதை தெரிந்த ஒருவர் படத்தைச் சுட்டிக்காட்டி மற்றவர்க்குச் சொல்லும் முறை இது. எழுத்திலும் அக்காலக் கையின் அடையாளங்கள் தெரியும்: மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு, காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். பழைய ஏட்டுச்சுவடி படிக்கப் பழகியவருக்கு இது தொல்லையில்லை. மற்றவர் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

18ஆம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையின் வளர்ச்சியைப் பற்றிப் பேசுபவர்கள் வீரமாமுனிவரின் கதைகளையும், 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையையும் தவறாமல் சொல்வார்கள். கோயில் விதானங்களில் எழுதப்பட்ட இந்த வாசகங்களும் அந்தக் கணக்கில் சேர வேண்டியவை. அவை எவருக்காக எழுதப்பட்டன என்பதே அவற்றின் சிறப்பு. புலவருக்கும் அரசவைக்கும் அப்பால், விழாக் கூட்டத்தில் வந்து நிற்கும் எழுத்தறிந்த எளியவருக்காக எழுதப்பட்டவை அவை.

இந்த வகை ஓவியம் எழுதும் முறையையும் சொல்லியாக வேண்டும். கருங்கல் விதானத்தில் வண்ணம் நேரடியாகப் பிடிக்காது. முதலில் மணலும் சுண்ணாம்பும் கலந்த காரை பூசுவார்கள். அதன்மேல் நன்றாக அரைத்து வடித்த சுண்ணாம்பை மெல்லிய பூச்சாக இழைப்பார்கள். நாயக்கர், மராத்தியர் கால ஓவியங்களில் பெரும்பாலானவை பூச்சு உலர்ந்த பின் எழுதப்பட்டவை. வண்ணம் ஒட்டுவதற்குப் பசை சேர்த்தாக வேண்டும். ஈரப் பூச்சில் எழுதிய வண்ணம் சுண்ணாம்போடு இறுகிக் கல்லாகிவிடும். உலர் பூச்சில் எழுதியது ஏடாகவே நிற்கும். மழைநீர் கசிந்தால் முதலில் உப்புப் பூக்கும், பிறகு ஏடு சுருண்டு உதிரும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் மண்ணிலும் கல்லிலும் கிடைக்கும் காவிகள், வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, பச்சைக்குப் பச்சை மண் என்று வண்ணங்கள் பெரும்பாலும் பக்கத்தில் கிடைத்தவை. காவி நிறத்தில் முதற்கோடு போட்டு, இடங்களைச் சமவண்ணத்தால் நிரப்பி, கடைசியாகக் கறுப்புக் கோட்டால் உருவங்களை எடுப்பார்கள். நிழல் காட்டித் திரட்சி உண்டாக்கும் முறை இதில் இல்லை. கோடுதான் எல்லாம். அந்தக் கடைசிக் கறுப்புக் கோட்டைத் தயக்கமில்லாமல் ஒரே வீச்சில் இழுப்பவரே ஓவியர். மற்ற வேலைகளை உடனிருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சாரம் கட்டி ஏறி, முகத்துக்கு மேலே கையை உயர்த்தி, கீழிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும் என்று கணக்கிட்டு எழுத வேண்டும். அருகில் இருக்கும்போது சரியாகத் தோன்றும் கண், தரையிலிருந்து பார்த்தால் புள்ளியாகிவிடும். நாயக்கர் கால ஓவியங்களில் கண்கள் ஏன் அத்தனை பெரிதாக இருக்கின்றன என்பதற்கு விதானத்தின் உயரமும் ஒரு காரணமாகலாம்.

ஓவியர் பெயர் தமிழ்நாட்டில் எவ்வளவு அரிது என்பதைப் புதுக்கோட்டைக்காரர்கள் பக்கத்திலேயே காணலாம். வல்லத்திராக்கோட்டைப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா போகும் சித்தன்னவாசலில் உலகறிந்த தாமரைக் குள ஓவியம் இருக்கிறது. குகையின் முன்புறப் பாறையில் உள்ள கல்வெட்டு, பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்னும் சமண முனிவர் குகைக்கோயிலைச் செப்பனிட்டதைச் சொல்கிறது. அந்த 9ஆம் நூற்றாண்டுத் திருப்பணிக்குக் காரணமானவர் பெயர் தெரியும். மீனையும் அன்னத்தையும் பூப்பறிக்கும் இளைஞனையும் எழுதிய கை யாருடையது என்று தெரியாது. தஞ்சைப் பெரியகோயிலிலும் இதே கதை. கோயில் ஆடல் மகளிராகிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரையும் வீட்டு எண்ணையும் கல்லில் வெட்டிய இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளில், உள்சுற்று ஓவியங்களை எழுதியவர் பெயர் இல்லை. பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. ஓவியன் பெயர் இல்லை.

அக்பரின் அரண்மனையில் நடைமுறை வேறு. அங்கே ஏட்டின் விளிம்பில், கோடு போட்டவர் யார், வண்ணம் தீட்டியவர் யார் என்று நூலகத்து எழுத்தர்கள் குறித்துவைத்தார்கள். பசாவன், மிஸ்கீன் போன்றோரின் பெயர்களை இன்று நாம் அறிவது அந்தக் குறிப்புகளால். மிஸ்கீன் எழுதியதாகக் கருதப்படும் ஓர் ஏட்டில், காகம் ஒன்று பாறையில் அமர்ந்து உலகத்து விலங்குகளுக்கெல்லாம் சொற்பொழிவு செய்கிறது; யானையும் புலியும் பறக்கும் நாகமும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த ஏடு இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மிஸ்கீனின் பெயரைக் காப்பாற்ற ஓர் எழுத்தர் இருந்தார். சிங்காதனத்துக்கு எழுத்தரும் இல்லை, நூலகமும் இல்லை. தம் பெயரைத் தாமே எழுதிக்கொண்டார். கோயிலில் அடியவர் பெயரை எழுதுவது வழிபாட்டின் ஒரு பகுதி. படிக்கல்லில் பெயர் பொறித்து, மிதிபடுவதையே பேறாகக் கருதும் வழக்கமும் உண்டு. சிங்காதனம் கைகூப்பி நிற்பதும் அந்த மரபில்தான். ஆனாலும் அவர் பெயர் அங்கே கொடையாளியின் பெயராக வரவில்லை, வேலை செய்தவரின் பெயராக வருகிறது. இந்த வேறுபாடு பெரியது.

இவ்வளவும் இருந்தும் அவர் கவனிக்கப்படாமல் போனதற்குக் காரணங்கள் உண்டு. முதன்மையானது, கலை வரலாற்றாசிரியர்களின் பழைய எண்ணம். சோழர் காலமே உச்சம், அதற்குப் பின் வந்ததெல்லாம் தேய்வு என்று இரண்டு தலைமுறைகள் எழுதின. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெரியகோயிலின் உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார். மகத்தான கண்டுபிடிப்பு அது. ஆனால் அதன் பிறகு நாயக்கர் கால ஓவியம் என்றாலே, அடியில் இருப்பதை மறைக்கும் மேல்பூச்சு என்ற எண்ணம் படிந்துவிட்டது. இன்னொரு காரணம், ‘தஞ்சாவூர் ஓவியம்’ என்ற பெயர் கண்ணாடிக் கல்லும் பொன் இலையும் பதித்த பலகை ஓவியத்துக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்தது. பலகை ஓவியம் வீட்டுக்கு வரும், விற்கும், ஏற்றுமதியாகும். விதானம் எங்கும் நகராது. அதைப் பார்க்கத் திருவாரூர் போக வேண்டும், அண்ணாந்து நிற்க வேண்டும், கழுத்து வலிக்கும்.

சிங்காதனத்தின் ஓவியங்கள் மீண்டும் பேசப்படுவதற்கு ஒரு புகைப்படக் கலைஞரும் ஒரு மொழியறிஞரும் காரணம். வி.கே. ராஜாமணி அவற்றைக் கட்டம் கட்டமாகப் படமெடுத்தார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்ற டேவிட் ஷுல்மன், அந்தப் படங்களையும் வாசகங்களையும் வைத்துக் கதையை விளக்கினார். இருவர் பெயரிலும் முசுகுந்த ஓவியங்களைப் பற்றிய ஆங்கில நூல் 2011இல் சென்னைப் பிரகிருதி அறக்கட்டளையின் வெளியீடாக வந்தது. ஓவியங்களைத் தூய்மை செய்து நிலைப்படுத்தும் பணியும் அந்த அறக்கட்டளையின் முயற்சியால் நடந்தது. இத்தகைய பணியில் புது வண்ணம் தீட்டி அழகுபடுத்துவது நோக்கம் அன்று. கூரைக் கசிவை அடைப்பது, புகையையும் அழுக்கையும் நீக்குவது, சுருண்ட ஏட்டை மீண்டும் ஒட்டவைப்பது, எஞ்சியதை எஞ்சியபடியே நிறுத்துவது ஆகியவையே வேலை. அழிந்த முகத்துக்குப் புதுமுகம் எழுதினால் அது புது ஓவியரின் முகமாகிவிடும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தக் காலத்து விதான ஓவியங்கள் இல்லாமலில்லை. திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள் கோயில் முன்மண்டபத்தில் இராமாயணக் காட்சிகள் உள்ளன. ஆவுடையார்கோயிலுக்குப் போகிறவர்கள் கல்லில் இழைத்த கொடுங்கையைப் பார்த்து வியந்து திரும்பிவிடுகிறார்கள். அங்கும் ஓவியங்கள் இருக்கின்றன. குடமுழுக்கு வரும்போது ஊரார் நல்லெண்ணத்தோடு செய்யும் வேலைகள்தாம் இவற்றுக்குப் பெரும் கேடு. பழைய மண்டபம் இருண்டு கிடக்கிறதே என்று சுண்ணாம்பு அடிக்கிறார்கள். கல் பளிச்சென்று தெரியட்டும் என்று மணலை வேகமாகப் பீய்ச்சித் தேய்க்கிறார்கள். எண்ணெய் வண்ணத்தால் பழைய உருவங்களின்மேல் புதிதாகத் தீட்டுகிறார்கள். ஒரே பகலில் 300 ஆண்டுகள் போய்விடும். போனது திரும்பாது.

திருப்பணிக் குழுவில் இருப்பவர்களிடம் வேண்டுவது இதுதான். மண்டபத்துக்கு வெள்ளையடிக்கும் முன் ஒரு விளக்கை ஏந்தி விதானத்தைப் பாருங்கள். கோடோ வண்ணமோ எழுத்தோ தெரிந்தால் வேலையை நிறுத்திப் படம் எடுத்து, இந்து சமய அறநிலையத் துறைக்கும் திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கும் தெரிவியுங்கள். வாசகம் இருந்தால் பழைய எழுத்து படிக்கத் தெரிந்தவரை அழைத்துக் கடைசி வரி வரைக்கும் படிக்கச் சொல்லுங்கள். ஓவியர் பெயர் அங்கே இருக்கக்கூடும்.